நுரை பொங்கினால் அழுக்கு போய்விடுமா?

கேள்வி: கெமிக்கல் வேண்டாமென்று வினிகரையும் பேக்கிங் சோடாவையும் கலந்து போத்தலில் அடைத்தேன். கொஞ்ச நேரத்தில் 'டப்'பென்று வெடித்துவிட்டது. மிச்சத்தை ஊற்றித் தேய்த்தும் அடுப்படிப் பிசுக்கு போகவில்லை. அதில் கொஞ்சம் குளோராக்ஸ் பிளீச் சேர்த்தால் வேலை செய்யுமா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: செய்யும், உங்கள் நுரையீரலில். பிளீச்சோடு வினிகர், எலுமிச்சை, புளி என்று எந்தப் புளிப்பு சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். தயவுசெய்து வேண்டாம்.

வெடித்ததற்குக் காரணம் எளிது. வினிகர் அமிலம், சோடா காரம். சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஒரு மேசைக்கரண்டி சோடா சுமார் 14 கிராம். அதை 5 சதவீத வினிகர் 200 மில்லியில் போட்டால் கிளம்பும் கரியமில வாயு ஏறக்குறைய 4 லிட்டர்! மூடி போட்டால் போத்தல் என்ன செய்யும், பாவம்? பொங்கி அடங்கியபின் மிஞ்சுவது சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். அழுக்கு கொஞ்சம் போயிருந்தால், அந்தப் பெருமை உங்கள் கைக்கு.

ஆக, தனித்தனியாக வேலை வாங்குங்கள். அடுப்படிப் பிசுக்குக்குச் சோடா: மூன்று பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர், குழம்புபோல் குழைத்துப் பூசி, 15 நிமிடம் ஊறியதும் ஈரத்துணியால் தேய்த்து, சவர்க்காரமும் வெந்நீரும் விட்டுத் துடையுங்கள். அலுமினியச் சட்டியில் பூசி வைத்தால் கறுத்துவிடும்.

குழாய் வாயில் படிந்த வெள்ளைப் பொருக்குக்கு வினிகர். பழந்துணியை நனைத்துச் சுற்றி, அரை மணி கழித்துக் கழுவினால் போதும். பழைய தோட்டத்து வீட்டுச் சிமெண்டுத் தரையிலும் மொசைக்கிலும் மட்டும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள சுண்ணாம்பை அமிலம் அரிக்கும். போன பளபளப்பு துடைத்தால் வராது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் பாட்டி காலத்துப் புளியை மிஞ்ச ஒன்றும் இல்லை.

கோழி வெட்டிய பலகையை வினிகரை நம்பி விடவேண்டாம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, நன்றாகக் காயவையுங்கள்.

பழத்தோலைச் சர்க்கரைத் தண்ணீரில் புளிக்கவைத்து, துடைக்க 'என்சைம்' போடுகிறவர்களுக்கும் போத்தல் பாடம் உண்டு. நாட்டுச் சர்க்கரை 100 கிராம், தோல் 300 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர், மூன்று மாதம். பிளாஸ்டிக் போத்தல்தான், கண்ணாடி கூடாது. மேலே கால்வாசி காலியாக இருக்கட்டும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை விடுங்கள். அதுவும் புளிப்புத்தான், ஆகவே பிளீச் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.