நால்வருக்கு உலை வைத்தால் எத்தனை பேர் சாப்பிட வருகிறார்கள்?

கேள்வி: நாங்கள் நான்கு மாணவர்கள் காட்பாடியில் வீடு எடுத்துத் தங்கிப் பொறியியல் படிக்கிறோம். இரவு வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் நாங்களே சமைக்கிறோம். வாரத்தில் மூன்று நான்கு நாள்கள் சோற்றையும் குழம்பையும் கொட்ட வேண்டியிருக்கிறது. பிரிட்ஜில் வைத்த கீரையும் வெண்டைக்காயும் அழுகிப்போகின்றன. நால்வருமே விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதால் கொட்டும்போது கை கூசுகிறது. எங்கே தவறு செய்கிறோம், அம்மா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்ன கொட்டினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டிய நாள்களில் எத்தனை பேர் வீட்டில் சாப்பிட்டீர்கள் என்று எழுதவில்லை. என் கணிப்பு சரியாக இருந்தால் உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் ஆய்வகத்தில் நேரமாகி வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருகிறார், இன்னொருவர் ஊருக்குப் போய்விடுகிறார், ஆனால் சமைக்கும் முறை யாருடையதோ அவர் வழக்கம்போல நால்வருக்கும் சேர்த்தே உலை வைக்கிறார். குடும்பத்தில் யார் எப்போது வருவார் என்பது அடுப்படியில் நிற்பவருக்குத் தெரியும். சேர்ந்து தங்கும் வீட்டில் அது யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே, மாலை ஐந்து மணிக்குள் ‘இரவு சாப்பாடு வேண்டும்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ நால்வரும் சமைப்பவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும் என்ற ஒரே ஒரு கட்டுப்பாட்டை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாதவருக்கு அரிசி போட வேண்டாம். கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம். ஆனாலும் இதில் இரக்கம் காட்டினால் மற்ற எந்த முயற்சியும் நிற்காது.

அடுத்தது அளவு. என் தாயார் ஆழாக்கு என்ற சிறிய அளவைப் பாத்திரம் இல்லாமல் அரிசிப் பானையில் கை வைத்ததே இல்லை. நீங்கள் ஓர் ஆழாக்கு பிடிக்கும் ஒரு டம்ளரை அதற்கென்றே ஒதுக்கி, அரிசி டப்பாவுக்குள்ளேயே போட்டுவையுங்கள். ஒரு ஆழாக்கு அரிசி வெந்தால் ஏறக்குறைய மூன்று ஆழாக்குச் சோறாகும். இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவருக்கு அரை ஆழாக்கில் தொடங்கி, உங்கள் பசிக்கு ஏற்ப ஒரு வாரத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாரமும், எதைக் கொட்டினாலும் நாளையும் பொருளையும் சுமாரான அளவையும் ஒரு தாளில் குறித்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். இது சின்ன விஷயம் என்று எண்ணிவிடாதீர்கள். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஓர் ஆண்டில் தலைக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிட்டிருக்கிறது. உலகெங்கும் வீணாகும் உணவில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே போகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஒரு கிலோ அரிசி விளைய இரண்டாயிரம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும் என்பதைப் பாலாற்றில் மணலையே அதிகம் பார்த்து வளர்ந்த நம் வேலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி காய்கறி. ஞாயிற்றுக்கிழமை நேதாஜி மார்க்கெட்டுக்குப் போனால் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்ததும் விலை மலிவென்று மூன்று நான்கு கூறு வாங்கத் தோன்றும். அழுகிய பாதியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டால் அது மலிவே அல்ல. மூன்று நான்கு நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, வியாழக்கிழமை பக்கத்துக் கடையில் மறுபடி வாங்குங்கள். கீரையை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுங்கள். வெண்டையும் அவரையும் அடுத்து. பூசணி, சேனை, உருளை போன்றவை பொறுத்துக்கொள்ளும். வெண்டைக்காயை ஈரம் போகத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்தால்தான் பிசுபிசுக்காது. வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டால் விரைவில் கெடக்கூடும். வெவ்வேறு கூடையில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நம் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்குப் பெருமை உண்டு. அந்தக் காயைக் குப்பைத் தொட்டியில் பார்க்க மனம் பொறுக்காது. கத்தரிக்காய் சுருங்கத் தொடங்கினால், பூச்சியோ அழுகலோ இல்லாதவற்றை நறுக்கி, புளிக்கரைசலும் நல்லெண்ணெயும் சேர்த்து, ஆம்பூர் பக்கம் பிரியாணிக்குச் செய்வதுபோல் தொக்காக வதக்கிவிடுங்கள். பிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும்; சப்பாத்திக்கும் ஆகும்.

மீந்த சோற்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் கெட்டதைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாக வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சில் ஒரு வகை, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில், சமைத்த ஒரு மணி நேரத்துக்குள் மீதியை எடுத்து வைத்துவிடுவது நல்லது. குக்கரோடு அப்படியே பிரிட்ஜில் வைத்தால் நடுச்சோறு ஆற நெடுநேரம் பிடிக்கும்; அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஆழமில்லாத டப்பாவில் மூடி வைத்து, மறுநாளே எலுமிச்சை சாதமாகவோ புளிசாதமாகவோ முடித்துவிடுங்கள். பழையதும் நல்ல உணவுதான். ஆனால் அதற்கு இரவில் வடித்த சோறு ஆறியவுடன் சுத்தமான பானையில் குடிநீர் ஊற்றி மூடிவைத்துக் காலையிலேயே சாப்பிட வேண்டும். மதியத்திலிருந்து திறந்து கிடந்த சோற்றில் இரவு நீர் ஊற்றினால் அது பழையது ஆகாது; அதைக் கொட்டிவிடுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: பாகாயத்தில் தனியறையில் தங்கிச் செவிலியர் படிப்புப் படிக்கிறேன். சின்ன கேஸ் அடுப்பு உண்டு, பிரிட்ஜ் கிடையாது. ஒருத்திக்கு எதை வாங்கினாலும் மிகுந்துவிடுகிறது. என்ன செய்யலாம், அம்மா?

பதில்: பிரிட்ஜ் இல்லாத அறையில் கடைதான் உங்கள் பிரிட்ஜ், மகளே. இருபது ரூபாய்க்குச் சாம்பார் காய் என்று கேட்டால் ஒரு கேரட், இரண்டு கத்தரிக்காய், ஒரு துண்டு பூசணி, ஒரு முருங்கைக்காய் என்று கலந்து கொடுக்கும் கடைகள் நம் ஊரில் உண்டு; ஒரு நாளுக்கு அது போதும். முழுத் தேங்காய் வாங்காமல் பத்தையாக வாங்குங்கள். இட்லி மாவு பாக்கெட்டைப் பக்கத்து அறைத் தோழியோடு பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் அது மறுநாளே பொங்கிப் புளித்துவிடும். ரவை, அவல், கேழ்வரகு மாவு, பாசிப்பருப்பு ஆகியவை மூடிய டப்பாவில் கெடாமல் இருக்கும் என்பதால், களைத்து வரும் இரவுகளுக்கு அவற்றை வைத்துக்கொண்டால் அவசரத்தில் அதிகம் சமைக்க நேராது.

கேள்வி: சத்துவாச்சாரியில் மாணவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர்கள் மீந்த சோற்றையெல்லாம் சேர்த்துத் தெருவில் வரும் மாட்டுக்கு வைக்கிறார்கள். வீணாகவில்லையே என்று நானும் விட்டுவிட்டேன். சரிதானா?

பதில்: சரியல்ல, ஐயா. மாடு வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகிய உயிர். ஒரே நேரத்தில் நிறையச் சோறு தின்றால் அதன் வயிற்றில் அமிலம் மிகுந்து, வயிறு உப்பி, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகிவிடும். புளித்த சோற்றையும் பிளாஸ்டிக் பையோடு வைப்பதையும் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். காய்த் தோலையும் கீரைத் தண்டையும் கழுவி மாட்டுக்கு வைக்கலாம். மாடியில் இடம் இருந்தால், அடியில் துளையிட்ட பழைய வாளியில் காய்ந்த இலையும் காய்க்கழிவும் மாற்றி மாற்றிப் போட்டுச் சிறிது மண் தூவி வரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு உரம் கிடைக்கும். குழம்பும் எண்ணெயும் கலந்த மீதியை அதில் போட வேண்டாம். நாற்றமடித்து எலி வரும். அதை மக்கும் குப்பையாகத் தனியே தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.