கேள்வி: ஐரிஷ்காரர் சிலர் மன்னருக்குச் சத்தியம் செய்யமாட்டோம் என்று கனடியக் குடியுரிமையே எடுக்காமல் இருக்கிறார்களே, இது வீண் பிடிவாதம்தானே?

"வெறும் நாலு வரி, சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே" என்றும் கேள்வியோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கனடாவுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். வேலைத்தளத்திலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவரைக் கண்டு எரிச்சல் வந்திருக்கும். 1997இல் நானும் இதே வசனத்தை ஒருவருடைய முகத்துக்கு நேரே சொன்னவன். அதனால்தான் இந்தப் பதில்.

முதலே சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. முடியாட்சி ஒழிய வேண்டும் என்று கொடி பிடிக்கிறவனும் இல்லை. அந்தச் சத்தியத்தைச் சொல்லித்தான் நானே குடியுரிமை எடுத்தேன். 'சோறு போட்ட நாட்டைக் குறை சொல்கிறான்' என்று எழுத வருகிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசித்துவிட்டு எழுதுங்கள்.

அப்போது ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. மெசின் நின்றால் திருத்த வருகிறவர் அயர்லாந்தில் கெரி மாவட்டத்துக்காரர். 1974இல் வந்தவர். வீடு, மனைவி, பிள்ளைகள், கட்டுகிற வரி எல்லாம் இங்கேதான். குடியுரிமை மட்டும் இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. எனக்குச் சத்தியப்பிரமாணத்துக்கு நாள் குறித்துக் கடிதம் வந்த இரவு, தேநீர் இடைவேளையில் அதை அவரிடம் காட்டினேன். சத்திய வாசகமும் கூடவே இருந்தது. வாசித்தார். இரண்டாம் எலிசபெத் மகாராணியின் பெயர் தாண்டியதும் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இங்கே பார், 'அவருடைய வாரிசுகளுக்கும்.' என் அப்பப்பாவுக்கும் இந்தச் சொல்லைத்தான் நீட்டினார்கள்."

அன்றைக்கு அவர் சொன்னதையும் பிறகு நான் வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். 1921 டிசம்பரில் பிரித்தானியாவோடு செய்த ஒப்பந்தத்தில் அயர்லாந்தின் 26 மாவட்டங்களுக்குச் சுதந்திர அரசு கிடைத்தது. ஆனால் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும். நாடு இரண்டாகப் பிரிந்து கிடந்ததைவிட இந்தச் சத்தியத்தைப் பற்றித்தான் சபையில் அதிகம் அடிபட்டார்கள். 1922 ஜனவரி 7ஆம் தேதி ஒப்பந்தம் 64க்கு 57 என்று நிறைவேறியது. ஜூனில் உள்நாட்டுப் போர். நேற்றுவரை ஒரே பதுங்கிடத்தில் படுத்தவர்கள் ஆளையாள் சுட்டார்கள். புதிய அரசாங்கம் தன் கைதிகளில் 70க்கு மேற்பட்டவர்களை நிறுத்திச் சுட்டது. கெரியில் நடந்தவை மிகக் கொடூரமானவை. இவருடைய அப்பப்பா சத்தியத்தை மறுத்த பக்கம். அப்பப்பாவின் தம்பி அரசாங்கப் படையில். இருவரும் உயிர் தப்பி, ஞாயிறு தவறாமல் ஒரே கோவிலுக்குப் பூசைக்குப் போய், சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

வேடிக்கை என்னவென்றால், மறுத்தவர்களின் தலைவர் டி வலேராவே 1927 ஓகஸ்டில் சபைக்குள் போனார். பைபிளைத் தள்ளி வைத்துவிட்டு, இது சத்தியமே இல்லை, வெற்றுச் சம்பிரதாயம் என்று சொல்லிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆட்சிக்கு வந்து 1933இல் அந்தச் சத்தியத்தையே நீக்கினார். இதைக் கேட்டதும் எனக்கு வழக்கு வென்ற மாதிரி இருந்தது. "பிறகென்ன, நீங்களும் அப்படியே செய்யலாமே? நாலு வரி, சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "வெற்றுச் சொல் என்றால் 1922இலேயே சொல்லியிருக்கலாமே. அந்த ஐந்து வருடத்தில் செத்தவர்களுக்கு யார் போய்ச் சொல்கிறது?" என்றார். பிறகு, "உன் வீட்டில் யாரையும் எதிலும் கையெழுத்துப் போடச் சொல்லவில்லையா?" என்று கேட்டார். எங்கள் நாட்டுக் கதை அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா கேட்டதுதான்.

என் அப்பா தபால் கந்தோரில் உத்தியோகம். 1983 ஓகஸ்டில், ஜூலைக் கலவரம் முடிந்த சூட்டோடு, இலங்கையில் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று அரச ஊழியர், சட்டத்தரணிகள், எம்.பி.மார் எல்லோரும் சத்தியம் செய்யவேண்டும். தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் மறுத்து ஆசனத்தை இழந்தார்கள். அப்பா ஒப்பமிட்டார். நாங்கள் ஐந்து பிள்ளைகள். அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைக்கவில்லை. சம்பளம் வந்தது, நாங்கள் படித்தோம். இரண்டு கதையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு 'நாலு வரிதானே' என்ற பேச்சு என் வாயில் வரவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பிடிவாதம் பிடிக்கவும் வசதி வேண்டும். அவருடைய பையில் அயர்லாந்துக் கடவுச்சீட்டு இருந்தது. கனடியக் குடியுரிமை எடுத்தாலும் அது பறிபோகாது, எடுக்காவிட்டாலும் அதை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றலாம். அகதியாக வந்த என்னிடம் என்ன இருந்தது? மகாராணி என்ன, மகாராணியின் நாய்க்குட்டிக்கு விசுவாசம் சொல்லச் சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

எல்லா ஐரிஷ்காரரும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானோர் சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கிறார்கள். ரொறன்ரோவையே ஒரு காலத்தில் 'கனடாவின் பெல்பாஸ்ட்' என்றுதான் அழைத்தார்கள், முடிக்கு உயிரைக் கொடுக்கும் ஐரிஷ் புரொட்டஸ்தாந்தினர் அவ்வளவு பேர். பிரித்தானியாவுக்கு எதிரான 1848 ஐரிஷ் கிளர்ச்சிக்காரர்களோடு நின்ற டார்சி மக்கீ பின்னாளில் கனடாக் கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரானார், 1868இல் ஒட்டாவாவில் சுடப்பட்டுச் செத்தார். அதே கூட்டத்துக் கவன் டஃபி அவுஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தின் முதலமைச்சராகி, மகாராணியிடம் சேர் பட்டமும் வாங்கினார். அமெரிக்காவுக்குப் போனவர்களுக்கு அதிர்ஷ்டம். அங்கே அப்போது குடியுரிமை எடுக்க விக்டோரியா மகாராணிமீதான விசுவாசத்தைக் கைவிடுகிறேன் என்று சத்தியம் செய்யவேண்டியிருந்தது. அதைச் சொல்ல யாருக்குக் கசக்கும்!

இங்கே கனடாவில் இந்தச் சத்தியத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். மன்னர் வேண்டாம், குடியரசுதான் வேண்டும் என்ற குடும்பத்தில் பிறந்த மைக்கேல் மக்கடீர் என்ற ஐரிஷ்காரர் உட்பட மூவர் போட்ட வழக்கு. இங்கே பிறந்தவனிடம் யாரும் சத்தியம் கேட்பதில்லை, எங்களிடம் மட்டும் ஏன் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல், மகாராணி என்றால் அந்த மனுஷி இல்லை, எங்கள் ஆட்சிமுறையின் அடையாளம் என்று சொல்லித் தள்ளிவிட்டது. 2015இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கவே மறுத்தது. மூவரில் ஒருவரான கணிதப் பேராசிரியர் அதே வருடம் சத்தியத்தைச் சொல்லி முடித்த கையோடு, மகாராணி பற்றிய பகுதியைத் திரும்பப் பெறுகிறேன் என்று அறிவித்தார். சட்டப்படி அதில் தப்பில்லை. தொலைபேசியில் இதைச் சொன்னபோது கெரிக்காரர் நெடுநேரம் சிரித்தார், ஆனால் மனம் மாறவில்லை. அவுஸ்திரேலியா 1994இலேயே மகாராணியின் பெயரை எடுத்துவிட்டது, 'அங்கே போயிருக்கலாம்' என்றார். அவ்வளவுதான்.

என் சத்தியப்பிரமாணத்துக்கு அவர் வந்திருந்தார். எல்லோரோடும் எழுந்து நின்றார். வாசகம் சொன்னபோது வாய் இறுக்க மூடியிருந்தது. 'ஓ கனடா' தொடங்கியதும் மண்டபம் திரும்பிப் பார்க்கும்படி பாடினார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் விட முடியவில்லை. அன்றைக்குக் கையில் தந்த சான்றிதழில் அப்பாவின் பெயர் முதற்பெயர், என் பெயர் குடும்பப்பெயர். முதன்முதலில் படிவம் நிரப்பித் தந்த ஒரு மகானின் வேலை. காசும் வாங்கினார். திருத்த அலைந்து அலைந்து விட்டுவிட்டேன். அப்பா இறந்து இருபது வருடமாகிறது, மருந்துக்கடையில் இன்றைக்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். மகாராணிக்குச் சத்தியம் செய்ததும் கணக்கில் அவர்தான். அந்த மனுஷனுக்கு இது இரண்டாவது தடவை.

கெரிக்காரருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரிவதில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கான பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டையை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். போன மாதம் அவருடைய படிவத்தை நான்தான் நிரப்பினேன். பெயரை மட்டும் மூன்று தரம் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒப்பமிடக் கொடுத்தேன்.