ரீல் சுத்துது சார், ரெக்கார்ட் ஆகுமா? (நுகர்வோர் கேள்வி-பதில்)

கே: ஓசூரில் ஒருவர் "ஒர்க்கிங் கண்டிஷன்" என்று போட்டு அகாய் 4000 டிஎஸ் ரீல் டேப் ரெக்கார்டர் விற்கிறார். 18,000 ரூபாய். வீடியோவில் இரண்டு ரீலும் சுத்துது, முள்ளும் ஆடுது. வீட்டில் பாட்டு பதியத்தான் கேட்கிறேன். பணத்தை அனுப்பிடலாமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

ப: அனுப்பாதீர்கள். ஓசூர் என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள்.

ரீல் சுற்றினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். "ஒர்க்கிங் கண்டிஷன்" என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதை நம்பி நான் வாங்கிய மெஷின் ஒன்றில் அழிப்பு ஹெட்டுக்கு (டேப்பில் உள்ள பழைய பதிவை அழிக்கும் பாகம்) வயரே இல்லை. விற்றவர் பொய் சொல்லவில்லையாம், "பாட்டு பாடுதே சார்" என்றார். பாடுவது வேறு, பதிவது வேறு.

புது டேப், ஹெட்போன், டார்ச் எடுத்துப் போங்கள். ஆன் செய்வதற்கு முன், டேப் உரசிச் செல்லும் காந்தப் பாகமான ஹெட்டின் மூடியைக் கழற்றி டார்ச் அடியுங்கள். டேப் உரசிய இடம் தட்டையாகப் பளபளக்கும். அதன் ஓரத்தில் நகத்தை வைத்து மெல்ல இழுங்கள்; படி மாதிரி தட்டினால் ஹெட் நன்றாகத் தேய்ந்துவிட்டது. பெல்ட் போனால் வேறு பெல்ட் போடலாம். ஹெட் போனால் பெரும்பாலும் இன்னொரு மெஷினைப் பலி கொடுத்தால்தான் உண்டு.

அடுத்தது பதிவு. செல்போனில் சுருதிப்பெட்டி ஆப்பை ஓடவிட்டு, 7½ இஞ்ச் வேகத்தில் (நொடிக்கு அவ்வளவு டேப் ஓடும்) மூன்று நிமிடம் பதியுங்கள். இந்த மாடலில் அழிக்க, பதிய, கேட்க என்று தனித்தனியாக மூன்று ஹெட் உண்டு. பதியும்போதே டேப்பில் விழுந்ததை ஹெட்போனில் கேட்கலாம். சுருதி அசையாமல் நிற்க வேண்டும். மெதுவாக ஏறி இறங்கினால் பெல்ட் அல்லது பிஞ்ச் ரோலரை (டேப்பை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை) சந்தேகப்படுங்கள். வேகமாக நடுங்கினால், டேப்பை இழுத்து ஓட்டும் கேப்ஸ்டன் தண்டில் அழுக்கோ வளைவோ இருக்கும். விற்பவர் சினிமாப் பாட்டுதான் போட்டுக் காட்டுவார். டிரம்ஸ் சத்தத்தில் இந்த அலைச்சல் காதுக்குத் தெரியாது. பிறகு அதே இடத்தின் மேல் ஒலி எதுவும் கொடுக்காமல் திரும்பப் பதியுங்கள். பழைய சுருதி உள்ளே முனகினால் அழிப்பு ஹெட்டோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பயாஸ் ஆஸிலேட்டர் சர்க்யூட்டோ நோஞ்சான். கடைசியாக 7 இஞ்ச் ரீல் ஒன்றை முழுசாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள்.

இவ்வளவும் தேறினால் விலை பேசுங்கள். சோதிக்க விடமாட்டேன் என்றால் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புங்கள்.

கே: அப்பாவின் ஜெர்மன் மெஷின் 25 வருஷமாகப் பரணில் கிடந்தது. நேற்று பிளக் சொருகினேன். "டப்" என்று ஒரு சத்தம், வீடெல்லாம் புகை. தூக்கிப் போட வேண்டியதுதானா?
– வாசகர், பாலக்கோடு

ப: 25 வருஷம் தூங்கியதை யாராவது நேராக 230 வோல்ட்டில் எழுப்புவார்களா? மெயின்ஸ் கரண்ட் வரும் இடத்தில் உள்ள பேப்பர் கெபாசிட்டர் வெடித்திருக்கும். வருஷக்கணக்கில் ஈரம் குடித்து அதன் உறையில் விரிசல் விடும், கரண்ட் பட்டதும் வெடிக்கும். பெரும்பாலும் நஷ்டம் அதோடு சரி. அதே மதிப்பில் எக்ஸ்-2 வகை, 275 வோல்ட் ஏசி கெபாசிட்டர் போடச் சொல்லுங்கள். பவர் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களையும் மாற்றுங்கள். மைக்ரோ ஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது சற்று கூட. அடுத்த முறை 100 வாட் குண்டு பல்பை சீரியலில் (கரண்ட் பல்பு வழியாகவே மெஷினுக்குப் போகும்படி) போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு முறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

கே: மெஷினைத் திறந்தால் பெல்ட் இருந்த இடத்தில் கறுப்பாக என்னவோ ஒட்டிக் கிடக்கிறது.
– வாசகி, அரூர்

ப: அதுதான் பெல்ட். ரப்பர் உருகித் தார் ஆகிவிட்டது. கையுறை போடுங்கள், விரலில் பட்டால் நைட்டி, சுவர், சுவிட்ச் எல்லாவற்றுக்கும் பரவும். முதலில் ஐஸ் குச்சியால் வழித்தெடுங்கள். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால், துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடையுங்கள். கப்பியில் மெல்லிய படலம் நின்றாலும் புது பெல்ட் வழுக்கும். பிஞ்ச் ரோலர் ரப்பருக்கு ஆல்கஹால் வேண்டாம், சோப்புத் தண்ணீர் போதும். புது பெல்ட்டுக்கு அளவு: கப்பிகளைச் சுற்றி நூல் ஓட்டி அளந்து, அதில் 5 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள். தண்டுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் கூடாது.

கே: பெல்ட்டுக்குப் பதில் ஆபீஸ் ரப்பர் பேண்ட் போட்டால்?
– வாசகர், பர்கூர்

ப: போடுங்கள். பாட்டு ஊஞ்சல் ஆடும்.

கே: பெங்களூரில் ஜப்பான் மெஷின் மலிவாகக் கிடைத்தது. 100 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிப் போட்டும் குருநாதரின் பழைய டேப் இழுத்து இழுத்துப் பாடுகிறது. – வீணை ஆசிரியை, கிருஷ்ணகிரி

ப: இதே குழியில் நானும் விழுந்தவன். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை (கரண்ட் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு) மாற்றாது. உங்கள் மெஷின் 60 ஹெர்ட்ஸுக்கு அமைத்ததாக இருக்க வேண்டும். நம் கரண்ட் 50. ஏசி மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், 5 கட்டையில் பாடியது 3 கட்டைக்கும் சற்றுக் கீழே கேட்கும். மெஷின் பின்பக்கம் 50/60 மாற்றி இருக்கிறதா, மோட்டார் கப்பியில் இரண்டு படி இருக்கிறதா பாருங்கள். பெரிய படிக்கு பெல்ட்டை மாற்றினால் தீரும். இல்லையென்றால் லேத் பட்டறையில் கப்பியை 1.2 மடங்கு விட்டத்தில் கடையச் சொல்லுங்கள். நீங்களே பதிந்து அதே மெஷினில் கேட்டால் இந்தக் குறை தெரியாது. அதனால்தான் விற்பவருக்கும் தெரிவதில்லை.

கே: பழைய டேப் கீச்சிடுகிறது, ஹெட்டில் பழுப்புப் பசை. சூடு காட்டினால் சரியாகும் என்கிறார்கள். மொட்டை மாடி வெயிலில் வைக்கலாமா?
– வாசகர், தருமபுரி

ப: வடகமா அது? 1970, 80களின் சில டேப்களில் காந்தப் பொடியை ஒட்டி வைத்திருக்கும் பசை ஈரம் குடித்து இளகிவிடும். சூடு 50 முதல் 55 டிகிரிக்குள் நிலையாக எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், அதனால் வெப்பம் கட்டுப்படுத்தும் உணவு உலர்த்தி வேண்டும். முழுக்க ஆறிய பிறகு ஓட்டி, உடனே கணினியில் நகலெடுங்கள். சில வாரங்களில் பழையபடி ஆகலாம். டேப் சுருளை விளக்குக்கு எதிரே பிடித்து வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பழைய வகை டேப், அதற்குச் சூடே கூடாது. புதுப் பதிவுக்குப் புது டேப்தான். 1800 அடி நீள டேப் 7½ இஞ்ச் வேகத்தில் ஒரு பக்கம் 48 நிமிடம் ஓடும்.

கே: ரிப்பேர் கடைக்காரர் 4,500 வாங்கி எட்டு மாதம் ஆகிறது. மெஷினும் தரவில்லை, பில்லும் தரவில்லை. கேட்டால் "முடிந்ததைப் பார்" என்கிறார்.
– வாசகர், ஊத்தங்கரை

ப: பார்த்துவிடுவோம். பில் தராதது உங்கள் தப்பு இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதுவே முறையற்ற வணிக நடைமுறை. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, மெஷினின் படம், சீரியல் நம்பர் எல்லாவற்றையும் பிரின்ட் எடுங்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். மெஷின், கொடுத்த பணம், மன உளைச்சலுக்கு இழப்பீடு, மூன்றையும் கேளுங்கள்.

கே: கேசட் டேப்பைப் பிரித்து ரீலில் சுற்றினால் ஓடுமா?
– வாசகர், பென்னாகரம்

ப: ஓடாது. அதன் அகலம் 3.81 மி.மீ., ரீல் டேப் 6.35.