அதிபர் என்று பெயர், வேலை பிரதமருடையது

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில் தமிழ் ஆட்சிமொழி என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷாவருஷம் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா? இன்னொரு சந்தேகமும் உண்டு. அங்கே நடப்பது அமெரிக்கா மாதிரி அதிபர் ஆட்சிதானே? அப்படியென்றால் ஜேக்கப் ஜூமாவை அவருடைய கட்சியே எப்படி இறக்க முடிந்தது?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாட்ஸ்அப் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழ் அங்கே ஆட்சிமொழி இல்லை. 1996 அரசமைப்புச் சட்டத்தில் 11 மொழிகள் இருந்தன, 2023-ல் சைகை மொழியைச் சேர்த்து 12 ஆக்கினார்கள். ஆனால் அந்தச் செய்தி முழுப் புரளியும் இல்லை. அதே சட்டத்தின் 6-வது பிரிவின் கடைசியில், மொழி வாரியம் வளர்க்க வேண்டிய, மதிக்கப்படும்படி பார்த்துக்கொள்ள வேண்டிய மொழிகள் என்று குஜராத்தி, இந்தி, உருது, ஜெர்மன், கிரேக்கம் இவற்றோடு தமிழையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். 1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களின் மொழி ஒரு நாட்டின் அரசமைப்பில் ஏறியிருக்கிறது, அது போதாதா நமக்கு? (பக்கத்திலேயே தெலுங்கின் பெயரை எழுத்துப்பிழையோடு போட்டிருக்கிறார்கள் பாவம்.)

சரி, ஜூமா. நம்மைக் குழப்புவது 'அதிபர்' என்ற சொல்தான். அமெரிக்காவில் மாதிரி அதிபருக்கென்று தனித் தேர்தல் அங்கே கிடையாது. 400 பேர் கொண்ட தேசியப் பேரவை தேர்தலுக்குப் பிறகு கூடி, தன் உறுப்பினர் ஒருவரையே அதிபராகத் தேர்ந்தெடுக்கும், தேர்வான உடனே அவருடைய எம்.பி. பதவி போய்விடும். அமைச்சர்களிலும் அதிகபட்சம் இரண்டு பேரைத்தான் வெளியிலிருந்து எடுக்கலாம். பேரவையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் நம்பிக்கையில்லை என்று வாக்களித்துவிட்டால் அதிபரும் அமைச்சரவையும் மொத்தமாக ராஜினாமா செய்தாக வேண்டும். நம் பிரதமரைக் கொண்டுபோய் ராஷ்டிரபதி பவனில் குடிவைத்து, நாட்டின் தலைவரும் நீங்களே என்று சொன்னால் எப்படியிருக்கும், அதுதான் அது. 2024-ல் ஜூமாவை இறக்கிய அதே ஆளுங்கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்கு 159 இடங்கள்தான் கிடைத்தன என்பதால் சிரில் ராமபோசா மற்ற கட்சிகளின் தயவில் 283 வாக்கு வாங்கி அதிபரானார். அமெரிக்காவில் சாதாரணமாக இப்படி நடக்காது.

ஆனால் காகிதத்தில் பேரவைக்கு இருக்கும் பிடி நடைமுறையில் கட்சித் தலைமையின் கையில் இருக்கிறது. அங்கே நம்மூர் மாதிரி தொகுதி எம்.பி. கிடையாது, விகிதாசாரப்படி கட்சி கொடுக்கும் பட்டியலிலிருந்து ஆள் வருகிறார். கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் எம்.பி. பதவியும் காலி. இந்த நிலையில் சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக எவன் கை தூக்குவான்? 2016-ல் அரசமைப்பு நீதிமன்றம் இதைக் கிட்டத்தட்ட முகத்துக்கு நேராகவே சொன்னது. ங்காண்ட்லாவில் இருக்கும் ஜூமாவின் சொந்த வீட்டுக்கு அரசுப் பணம் செலவழிக்கப்பட்ட வழக்கில், அதிபர் அரசமைப்பைக் காக்கத் தவறினார் என்றதோடு நிற்காமல், அவரைக் கேள்வி கேட்க வேண்டிய பேரவையும் கடமை தவறியது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஜூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு நடத்தச் சபாநாயகருக்கு அதிகாரம் உண்டு என்றும் அதே நீதிமன்றம் சொல்ல, ஆகஸ்ட் 2017-ல் ரகசியமாக வாக்குச்சீட்டுப் போட்டார்கள். தீர்மானம் 177-க்கு 198 என்று தோற்றது. எதிர்க்கட்சிகள் எல்லாம் சேர்ந்தாலே 151 பேர்தான், கூட்டிக் கழித்துப் பாருங்கள், ஆளுங்கட்சியில் குறைந்தது 26 பேர் இருட்டில் கை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

அவரைக் கடைசியில் இறக்கியது கட்சியின் செயற்குழு. சட்டப்படி அதற்கு அந்த அதிகாரம் துளிகூட இல்லை. ஆனால் பிப்ரவரி 2018-ல், நீங்களாகப் போகாவிட்டால் நாளைக்கு எதிர்க்கட்சியின் தீர்மானத்துக்கு நாங்களே ஓட்டுப் போடுவோம் என்றதும் 14-ஆம் தேதி இரவு ராஜினாமா செய்தார். 2008-ல் அப்போதைய அதிபர் தாபோ எம்பெக்கியையும் கட்சி இப்படித்தான் திரும்ப அழைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் அந்த அருமையான அரசமைப்பின் பலவீனமான கண்ணி இந்தப் பட்டியல் முறைதான். இருந்தாலும் சிறுபான்மையினருக்கும் சின்னக் கட்சிகளுக்கும் அதனால்தான் இடம் கிடைக்கிறது என்பதால் எடுத்துவிடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. தன் ஆட்சிக்கால ஊழல் புகார்களை விசாரித்த ஆணையத்தின் முன் வர மறுத்த ஜூமாவுக்கு 2021-ல் நீதிமன்ற அவமதிப்புக்காக 15 மாதத் தண்டனை. 12 மாதத்துக்கு மேல் தண்டனை பெற்றவர் அது முடிந்து 5 ஆண்டுகள் பேரவை உறுப்பினராக முடியாது. 2024 தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நீதிமன்றம் அந்தப் பிரிவைச் சொல்லி அவரைத் தடுத்துவிட்டது. அவருடைய புதுக் கட்சி 58 இடங்கள் வென்றது, அவர் மட்டும் பேரவைக்குள் போக முடியவில்லை. உறுப்பினராக இல்லாதவரைப் பேரவை அதிபராகத் தேர்ந்தெடுக்கவும் முடியாது.