தினமும் பத்து நிமிடம்: தியானம் தொடங்குகிறவர்கள் கேட்டவை

கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் குரு எல்லாம் இல்லை. பல வருடமாகக் காலையில் உட்கார்கிறவள், எங்கள் தெருவில் புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குக் கூட உட்கார்கிறவள், அவ்வளவுதான்.

கேள்வி: அக்கா, எனக்கு ஒன்றுமே தெரியாது. எப்படி ஆரம்பிப்பது, எத்தனை நிமிடம்?

பதில்: பத்து நிமிடம் போதும். அரை மணி என்று ஆரம்பிக்கிறவர்கள் முதல் வாரம் ஜோராக உட்காருவார்கள், இரண்டாம் வாரம் ஆளைக் காணோம். கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்காதீர்கள். காலை ஐந்தரை என்று வைத்தால், ஐந்தே முக்காலுக்கு எழுந்த அன்றைக்கு 'சரி, நாளைக்குப் பார்க்கலாம்' என்றாகிவிடும். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள், பல் விளக்கியதும் காபிக்கு முன்னால் என்கிற மாதிரி. போனில் அலாரம் வைத்து ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, மூச்சு மூக்கு நுனியில் பட்டு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். இழுக்கவோ நீட்டவோ வேண்டாம், அது பாட்டுக்கு வரட்டும். கவனம் நிற்காவிட்டால் ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஓர் எண், ஒன்று முதல் பத்து வரை, அப்புறம் மறுபடி ஒன்று. பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டிருந்தால் எண் மட்டும் ஓடுகிறது, ஆள் எங்கேயோ. சிரித்துவிட்டு ஒன்றுக்கு வாருங்கள்.

கேள்வி: கண்ணை மூடினால் ஆபீஸ், இஎம்ஐ, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் வரிசையாக வருகிறது. மனம் ஒரு நொடிகூட அமைதியாகவில்லை. எனக்கு இது வராதோ?

பதில்: எண்ணமே வராமல் இருந்தால்தான் தியானம் என்று யாரோ கிளப்பிவிட்டுவிட்டார்கள், பாதிப் பேர் அதனாலேயே விட்டுவிடுகிறார்கள். இஎம்ஐ கணக்கில் மூழ்கிக் கிடக்கும்போது 'அடடா, மூச்சை விட்டுவிட்டோமே' என்று சட்டென்று தெரிகிறதே, அதற்காகத்தான் உட்காருகிறோம். பத்து நிமிடத்தில் நாற்பது முறை தொலைந்து நாற்பது முறை திரும்பினாலும் அன்றைக்கு வேலை நடந்திருக்கிறது. பழக வேண்டியதெல்லாம் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்புவதற்குத்தான். முடித்ததும் மார்க் போடாதீர்கள். உட்கார்ந்தேனா இல்லையா, காலண்டரில் ஒரு டிக், முடிந்தது. ஒரு நாள் அபாரமாக அமைந்து, மறுநாள் அதே சுகம் வரவில்லையே என்று விட்டவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

கேள்வி: சம்மணம் போட்டால் ஐந்தாவது நிமிடம் கால் மரத்துவிடுகிறது.

பதில்: நரம்பு அழுந்துவதால் வருவது. போர்வையை மடித்து அடியில் வைத்து, இடுப்பு முட்டியைவிட உயரமாக இருக்கும்படி உட்காருங்கள். முட்டி வலி இருந்தால் நாற்காலியே போதும், பாதம் தரையில் படியட்டும். மரத்த காலோடு உடனே எழுந்திருக்க வேண்டாம், விழுந்துவிடுவீர்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரே பெட்ரூம். உட்கார இடமும் இல்லை, நேரமும் இல்லை.

பதில்: அப்படியென்றால் ஐந்து நிமிடம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தியதும் அந்த இடத்திலேயே உட்காருங்கள், பாத்திரம் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். குக்கர் விசில், மிக்சி எல்லாம் கேட்கும். கேட்டது என்று தெரிந்தால் போதும், மூச்சுக்குத் திரும்பலாம். அதுவும் முடியாத நாளில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுப் பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி நாலு நடை நடங்கள், அதுவும் கணக்கில் சேரும்.

கேள்வி: தூங்கிவிடுகிறேன் சார்.

பதில்: சார் இல்லை, அக்கா. இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே உட்கார வேண்டாம், கண்ணைப் பாதி திறந்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: திருமூலர் கணக்கு என்று மூச்சை 16 மாத்திரை (பழைய கால அளவு) இழுத்து, 64 அடக்கி, 32 விடச் சொல்கிறார் யூடியூபில் ஒருவர். செய்யலாமா?

பதில்: கணக்கு திருமூலரின் திருமந்திரத்தில் உள்ளதுதான், மூன்றாம் தந்திரம் என்கிற பாகத்தில் பிராணாயாமப் பகுதி. ஆனால் இயமம், நியமம் என்கிற ஒழுக்க விதிகள், அப்புறம் ஆசனம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் திருமூலர் அங்கே வருகிறார், வீடியோக்காரர் அதையெல்லாம் தாண்டிவிட்டார். நாம் இங்கே செய்வது மூச்சைப் பார்ப்பது, அடக்குவது இல்லை. பிபி, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சடக்கும் பக்கமே போகாதீர்கள். மற்றவர்கள் நேரில் ஓர் ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரடியாகப் பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போய்விட்டால்?

பதில்: போகலாம். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய, மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கிற தியான முறை அது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலேயே மையம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஆனால் காலை நான்கு மணிக்கு எழுந்து நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும், பேச்சு கிடையாது, போன் கிடையாது, படிக்க எழுதக்கூட முடியாது. வீட்டில் பத்து நிமிடம் சில வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனால் உடம்பு கொஞ்சம் ஒத்துழைக்கும். திரும்பி வந்த ஒரு மாதத்தில் நின்றுபோனவர்களையும் பார்த்திருக்கிறேன், அதனால் முகாம் போய்விட்டால் பழக்கம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு அடைக்கிற மாதிரி பயம் வருகிறது. ஏற்கெனவே பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: மூச்சை விடுங்கள். கண் திறந்திருக்கட்டும், பாதம் தரையில் பட்டிருப்பதை அல்லது மின்விசிறிச் சத்தத்தைக் கவனியுங்கள், இரண்டு மூன்று நிமிடம் போதும். அதிலும் பயம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டியதில்லை. பதற்றமோ பழைய அதிர்ச்சியோ உள்ள சிலருக்குத் தியானமே அதைக் கிளறிவிடும், மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 'தியானம் செய்கிறேன், மாத்திரை வேண்டாம்' என்று தானாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

கேள்வி: ஒரு மண்டலம், 48 நாள் விடாமல் செய்தால் நிலைத்துவிடும் என்கிறார்களே? எனக்கு இருபதாவது நாள் விட்டுப்போச்சு. மறுபடி முதலில் இருந்தா?

பதில்: வேண்டாம், இருபத்தொன்றில் இருந்து போங்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற பழக்கங்கள் எப்போது தானாக நடக்கத் தொடங்குகின்றன என்று பார்த்தார்கள். 2010-இல் அச்சான ஆய்வு. எல்லோருடைய நாள் கணக்கையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக எதுவும் கெடவில்லை. விரதத்துக்கு 48 சரி, இதற்கு அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

கேள்வி: நெற்றிக்குள் நீல ஒளி தெரிந்தது. குண்டலினி சக்தி எழும்பிவிட்டதா?

பதில்: கண்ணை மூடினால் பலருக்கும் நிறம் தெரியும். மூச்சுக்கு வாருங்கள்.

கேள்வி: காசு கட்டுகிற ஆப் அவசியமா?

பதில்: அவசியமில்லை. போனில் இருக்கிற அலாரமே போதும், சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள், இல்லையென்றால் அடிக்கிற அடியில் தூக்கிவாரிப் போடும்.