ஏர்வாடியில் ஜான் கிளேர்

கேள்வி: ஜான் கிளேர் என்ற ஆங்கிலக் கவிஞருக்குப் பைத்தியம் பிடித்த கதையை ஒரு குழு ஊர் ஊராக நாடகம் போட்டு வருகிறது. ராமநாதபுரத்தில் பார்த்தேன். அடுத்து ஏர்வாடியிலும் போடப் போகிறார்களாம். அங்கே தர்காவில் மனநோயாளிகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிறவர்கள் முன்னால் இது தேவையா? ஊர்ப் பெயரும் கெடும். கவிஞன் என்றால் கொஞ்சம் கிறுக்கு இருக்கத்தானே செய்யும்! தடுக்கச் சொல்லி கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: கிறுக்கை முதலில் பார்த்துவிடுவோம். நீங்கள் சொல்வதை 1841இலேயே ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். கிளேரை நார்தாம்ப்டன் மனநோய் விடுதியில் சேர்த்தபோது, வருடக்கணக்காகக் கவிதை கவிதை என்று கிடந்ததைத்தான் நோய்க்கு முந்தைய சங்கதியாகப் படிவத்தில் எழுதினார். கிளேர் கூலி விவசாயியின் மகன். 1820இல் வந்த முதல் புத்தகத்தை லண்டனே கொண்டாடியது. அப்புறம் வந்தவை விலைபோகவில்லை. வீடு நிறையப் பிள்ளைகள், கையில் காசில்லை. 1837இல் முதல்முறை விடுதிக்குப் போகும் முன்பே நான்கு தொகுதிகள் வெளிவந்துவிட்டன. கிறுக்குப் பிடித்ததால் கவிஞரானவர் இல்லை அவர்.

நாடகத்தை நானும் பார்த்தேன். அந்த நடைக் காட்சி அருமை. 1841 ஜூலையில், முதலில் சேர்ந்திருந்த எப்பிங் காட்டு விடுதியிலிருந்து நழுவி, நான்கு நாள் நடந்தே ஊர் திரும்பினார் கிளேர். சுமார் 130 கிலோமீட்டர். ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் போவதைவிட அதிகம். தன் மனைவி என்று அவர் நம்பிக்கொண்டிருந்த மேரி செத்து மூன்று வருடமாகியிருந்தது. அவளைத் தேடித்தான் அந்த நடை. பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றதாகவும், அது ரொட்டி மாதிரி ருசித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். நடிகர் புல்லை மென்றபோது கடலைப் பொட்டலம் பிரிக்கும் சத்தம்கூட அடங்கிப்போனது, கவனித்தீர்களா?

ஆனால் முதல் காட்சியில் கிளேரின் காலில் சங்கிலி மாட்டினார்களே, அது அபத்தம். எப்பிங்கில் அவரைக் காட்டுக்குள் உலாவ விட்டிருந்தார்கள். அதனால்தான் நழுவ முடிந்தது. நார்தாம்ப்டனிலும் டவுனுக்குள் போய் மாதா கோவில் முகப்பில் உட்கார்ந்திருப்பார். (சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 1864இல் சாகும்வரை 22 வருடம் அங்கேயேதான் கிடந்தார்.) அந்தச் சங்கிலி இங்கிலாந்துச் சரக்கில்லை ஐயா, நம்மூர்ச் சரக்கு.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். ஓட வழியில்லை, சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். பெயர் அன்றைக்கே கெட்டது. இதற்கு மேல் ஒரு நாடகம் என்ன கெடுத்துவிடும்?

குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. எங்கெங்கோ அலைந்து, காசெல்லாம் கரைந்து, கடைசியில் தர்காவுக்கு வருகிறவர்கள் அவர்கள்; எல்லா மதத்துக்காரர்களும் உண்டு. கனவில் உத்தரவு வரும்வரை மாதக்கணக்கில் தங்குவார்கள். துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் தரும் அரசு ஏற்பாடு பின்னால் அங்கேயே வந்தது. வாங்கிச் சாப்பிடவும் செய்கிறார்கள். நோயை வீட்டுக்குள்ளேயே பார்த்தவர்களுக்கு மேடையில் பார்த்தால் மனம் புண்படும் என்று நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, மனு. தாராளமாகக் கொடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. எங்காவது ஒருவரைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால், இடத்தைக் குறிப்பிட்டு கலெக்டருக்கு எழுதுங்கள். முதல் காட்சியை மாற்றச் சொல்லி நாடகக் குழுவுக்கு நான் எழுதிக்கொள்கிறேன்.