கற்பூரவள்ளி: ஆச்சியிடம் கேட்டவை

ஆச்சி, சளிக்குக் கற்பூரவள்ளிக் கஷாயம் வைத்தால் வாசனையே இல்லை, காட்டம் மட்டும் இருக்கிறது. ஏன்? (காரைக்குடி)

இலையை முதலிலேயே போட்டுத் திறந்து கொதிக்க விட்டிருப்பீர்கள். இந்த இலையின் சத்தே கார்வக்ரால், தைமால் என்ற மணப்பொருள்கள் கலந்த எண்ணெய்தான். ஓமத்திலும் தைமால் உண்டு, அதனால்தான் இலையில் ஓம மணம். கொதிக்கக் கொதிக்க அந்த எண்ணெய் ஆவியோடு போய்விடும். ஒன்றரை தம்ளர் தண்ணீரில் தட்டிய மிளகு 5, நகமளவு சுக்கு போட்டு ஒரு தம்ளராக வற்றவிடுங்கள். பிறகு கிள்ளிய இலை 4 போட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்கி, தட்டால் மூடி 10 நிமிடம் வையுங்கள். வடிகட்டிப் பனங்கற்கண்டு சேர்த்துக் காலையும் இரவும் அரை அரைத் தம்ளர். மிளகைக் கூட்டினால் சளி சீக்கிரம் போகாது, வயிறுதான் எரியும். மூன்று நாளில் கேட்காவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

பேரனுக்கு 8 மாதம். சாற்றைத் தேனில் குழைத்துக் கொடுக்கலாமா? (தேவகோட்டை)

கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற நச்சு நோய் வரக்கூடும். சாறும் இப்போது வேண்டாம். "அந்தக் காலத்தில் கொடுத்தோமே" என்பார்கள், காதில் வாங்காதீர்கள். மூன்று வயதுக்கு மேல் என்றால், இரண்டு இலையைத் தோசைக்கல்லில் சிறு தீயில் வதக்கிப் பிழிந்து, சாறு அரை டீஸ்பூன், தேன் அரை டீஸ்பூன். கருகிவிட்டால் சாறு இறங்காது. மூச்சு இழுத்தாலோ, விலா உள்வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.

மணம் கூட ஒரு துளி சூடம் போடலாமா? (பள்ளத்தூர்)

போடவே கூடாது. பேரில்தான் கற்பூரம். சூடம் வயிற்றுக்குள் போனால் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும்.

இலையைக் காயவைத்துப் பொடியாக்கலாமா? (கோட்டையூர்)

சதைப்பற்றான இலை. நிழலில் உலர்வதற்குள் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் போட்டால் மணம் போகும். வருஷம் முழுக்கத் துளிர்க்கிற செடிக்குப் பொடி எதற்கு?

முற்றத்துத் தொட்டியில் தண்டு அழுகிவிடுகிறது. (கானாடுகாத்தான்)

தினமும் ஊற்றுகிறீர்கள். நான்கு அங்குலத் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அரை நாள் நிழலில் போட்டுவிட்டு, செம்மண்ணும் மணலும் சரிபாதி கலந்து நடுங்கள். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். சித்திரை உச்சி வெயிலில் இலை மஞ்சளடித்துச் சுருங்கும், தாழ்வாரத்து ஓரமாக நகர்த்திவிடுங்கள்.

பஜ்ஜி போட்டுச் சாப்பிட்டால் சளிக்கு ஆகுமா? (காரைக்குடி)

ருசிக்கு ஆகும். தொண்டை கட்டியிருக்கும்போது எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.